மந்திரியும் அரைப் பலகையும்



2024-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 12-ஆம் தேதி சிங்கப்பூரில் உலகச் சதுரங்கப் பட்டத்துக்கான பதினான்காவது ஆட்டம் நடந்தது. சென்னையைச் சேர்ந்த பதினெட்டு வயது குகேஷ் கறுப்புக் காய்களுடன் ஆடினார். சீன வீரர் டிங் லிரென் வெள்ளைக் காய்களுடன் ஆடினார். அதுவரை இருவரும் சமமான புள்ளிகளே பெற்றிருந்தனர். பலகையில் ஒவ்வொரு தரப்புக்கும் ஒரு யானை, ஒரு மந்திரி, சில சிப்பாய்கள் மட்டுமே எஞ்சியிருந்தன. குகேஷுக்கு ஒரு சிப்பாய் அதிகம். ஆயினும் ஆட்டம் சமநிலையில் முடியும் என்றே பலரும் எண்ணினர். அந்நிலையில் 55-ஆவது நகர்த்தலில் டிங் தம் யானையை எதிரி யானைக்கு முன் நிறுத்தி, வெட்டிக்கொள்ள இடம் தந்தார். யானைகள் இரண்டும் மறைந்தன. அடுத்த கணமே குகேஷ் தம் மந்திரியைப் பலகையின் நடுக் கட்டமாகிய டி5-இல் வைத்தார். டிங்கின் மந்திரி ஏ8 என்னும் மூலைக் கட்டத்தில் நின்றது. அதற்குத் தப்பிச் செல்ல வழியே இல்லை. மந்திரிகளும் மாற்றிக்கொள்ளப்பட்டன. ராஜாக்களும் சிப்பாய்களும் மட்டும் எஞ்சிய ஆட்டத்தில் அந்த ஒரு சிப்பாயே வெற்றிக்குப் போதுமானதாயிற்று. 58 நகர்த்தல்களில் உலகப் பட்டம் கைமாறியது.

இச்செய்தியைத் தில்லியிலும் கல்கத்தாவிலும் பம்பாயிலும் நாம் பெருமையோடு கேட்டோம், இனிப்பும் வழங்கினோம். ஆயினும் அந்த மந்திரி ஏன் தப்ப இயலவில்லை என்று கேட்டவர் நம்மில் சிலரே. ஆட்டத்தின் விதிகளை அறிந்து, ஓரளவு ஆடிப் பழகி, அதற்குமேல் முன்னேற வழி தெரியாமல் நிற்கும் இடைநிலை ஆட்டக்காரர்களுக்கு அக்கேள்வியின் விடை மிகவும் பயன்படும். மந்திரிகள் எஞ்சி நிற்கும் இறுதியாட்டத்தை எவ்வாறு பழகுவது என்பதே இப்பேச்சின் பொருள். பலகையையும் காய்களையும் முன்னால் வைத்துக்கொண்டு இதனைப் படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

பெயர்க் குழப்பம்

முதலில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இது அவசியமாகிறது. மூலைவிட்டமாக எத்தனை கட்டம் வேண்டுமாயினும் செல்லும் காயைத் தமிழர் மந்திரி என்கிறோம். ஆங்கிலத்தில் பிஷப் என்பர். ஹிந்தி பேசுவோர் அதனை ‘ஊண்ட்’, அதாவது ஒட்டகம் என்பர். அவர்கள் ‘வஸீர்’ என்பது நம்முடைய ராணியை. வங்காளிகளோ ராணியையே ‘மந்த்ரி’ என்று அழைப்பர். நம் மந்திரிக்கு அவர்கள் இட்ட பெயர் ‘கஜ்’, யானை என்று பொருள். நம்முடைய யானையை அவர்கள் ‘நௌகா’, அதாவது படகு என்பர். ஆகவே கல்கத்தாவில் ஒரு தமிழர் “என் மந்திரியை வெட்டிவிட்டீர்கள்” என்று வருந்தினால், எதிரில் இருப்பவர் ராணியைத் தேடுவார்.

வங்காளிகளின் பெயரில் பழைய வரலாறு ஒன்றும் அடங்கியிருக்கிறது. முற்காலத்து ஆட்டத்தில் இக்காய் யானையாகவே கருதப்பட்டது. மூலைவிட்டமாக இரண்டு கட்டம் மட்டுமே தாவியது. தடையின்றிப் பலகையின் கோடி வரை செல்லும் ஆற்றல் பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் ஐரோப்பாவில்தான் அதற்குக் கிடைத்தது. ரஷ்ய மொழியிலும் அதன் பெயர் இன்றளவும் யானை என்பதே.

மொழிபெயர்ப்பே தொழிலாகக் கொண்ட எனக்கு இந்தப் பெயர் மாற்றங்களில் தனி ஈடுபாடு உண்டு. ஆனால் இக்காயின் உண்மையான இயல்பை எனக்கு உணர்த்தியது ஒரு தோல்வியே. தோல்வி என்றுகூடச் சொல்ல இயலாது. கையில் இருந்த வெற்றி நழுவிப்போன சம்பவம் அது.

அரைப் புள்ளி

பல ஆண்டுகளுக்கு முன், அரசு அலுவலகங்களுக்கிடையே நடந்த குழுப் போட்டி ஒன்றில் எங்கள் அலுவலகத்தின் சார்பில் நால்வர் ஆடினோம். குழுவின் தலைவர் வங்காளத்தைச் சேர்ந்த மூத்த நண்பர். அவரை நாங்கள் ‘தாதா’ என்று அழைப்போம். அண்ணன் என்பது பொருள். அவ்வாண்டு அவர் ஓய்வு பெறவிருந்தார். அதுவே அவர் ஆடும் கடைசிப் போட்டி. மற்ற மூன்று பலகைகளிலும் ஆட்டம் முடிந்து புள்ளிகள் சமமாயிருந்தன. என் பலகை மட்டும் எஞ்சியிருந்தது.

எனக்கு ஒரு மந்திரியும் இரண்டு சிப்பாய்களும் இருந்தன. எதிரிக்கு ராஜாவும் ஒரே ஒரு சிப்பாயும். எவரும் வெற்றி என்றே சொல்லக்கூடிய நிலை. ஆட்டத்தை விரைவில் முடிக்கும் ஆசையில், சி வரிசையில் இருந்த என் சிப்பாயால் அவருடைய சிப்பாயை வெட்டினேன். அவருடைய ராஜா என் சிப்பாயைத் திருப்பி வெட்டியது. இனி அவரிடம் ராஜாவைத் தவிர வேறு காயே இல்லை என்று மகிழ்ந்தேன். எனக்கோ மந்திரியும், ஏ வரிசையில் ஓரத்துச் சிப்பாய் ஒன்றும் மீந்தன. அவருடைய ராஜா நிதானமாக நடந்து மூலையில் போய் அமர்ந்தது. அதன்பின் நான் செய்யாத முயற்சி இல்லை. ராஜாவை அந்த மூலையிலிருந்து வெளியேற்ற என் மந்திரியால் முடியவில்லை. ஆட்டம் சமநிலையில் முடிந்தது. அரைப் புள்ளி குறைந்தது; கோப்பையும் போயிற்று.

தாதா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. அன்று மாலை தம் வீட்டுக்கு அழைத்துச் சென்று தேநீர் தந்தார். அந்த நிலையைப் பலகையில் மீண்டும் அமைத்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “பாய், ஏ8 கட்டத்தின் நிறம் என்ன?”

வெளிர்நிறம் என்றேன். “உங்கள் கஜ் எந்த நிறத்தில் நடக்கிறது?” என்றார். கருநிறம் என்று சொல்ல வாயெடுத்தபோதே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

மந்திரிக்குப் பாதிப் பலகைதான் உண்டு. அறுபத்து நான்கு கட்டங்களில் முப்பத்திரண்டை மட்டுமே அது காணும். மீதி முப்பத்திரண்டில் என்ன நிகழ்ந்தாலும் அதற்குத் தெரியாது. யானையும் ராணியும் குதிரையும் காலப்போக்கில் எந்தக் கட்டத்தையும் சென்றடையும். மந்திரி ஆட்டம் முடியும் வரை பிறந்த நிறத்திலேயே நிற்கும். ஆட்டத்தின் தொடக்கத்தில் காய்கள் நிறைந்திருக்கும்போது இக்குறை வெளியே தெரிவதில்லை. காய்கள் குறையக் குறைய அதுவே ஆட்டத்தின் முடிவைத் தீர்மானிக்கிறது. ஆகவே மந்திரி இறுதியாட்டத்தைப் பழகுவது என்பது, ஒவ்வொரு நகர்த்தலுக்கும் முன் ‘இது எந்த நிறக் கட்டம்?’ என்று கேட்டுக்கொள்ளும் வழக்கத்தை வளர்ப்பதேயாகும்.

நிறத்தைப் பலகையைப் பாராமலே அறிய எளிய கணக்கு ஒன்று உண்டு. ஏ முதல் ஹெச் வரையுள்ள எட்டு நெடுவரிசைகளுக்கும் ஒன்று முதல் எட்டு வரை எண் இடுங்கள். நெடுவரிசையின் எண்ணையும் கட்டத்தின் எண்ணையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை இரட்டைப்படையானால் அது கருநிறக் கட்டம், ஒற்றைப்படையானால் வெளிர்நிறம். ஏ8 என்பது ஒன்றும் எட்டும், ஒன்பது, ஆகவே வெளிர்நிறம். ஹெச்8 என்பது எட்டும் எட்டும், பதினாறு, ஆகவே கருநிறம். பேருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் இதனைப் பழகலாம்.

முதற்பயிற்சி: ஓரத்துச் சிப்பாய்

நான் இடறிய நிலையையே முதற்பயிற்சியாகக் கொள்வோம். வெள்ளை ராஜாவைப் பி6-இலும், சிப்பாயை ஏ6-இலும், மந்திரியை ஈ3-இலும் வையுங்கள். கறுப்பு ராஜாவைப் பி8-இல் வையுங்கள். இப்போது வெள்ளை நகர்த்த வேண்டும். சிப்பாயை ஏ7-க்குத் தள்ளினால், கறுப்பு ராஜா ஏ8 மூலைக்குச் செல்லும். அதன்பின் வெள்ளை தன் மந்திரியை எங்கு நகர்த்தினாலும் கறுப்புக்கு நகர இடம் இராது, முற்றுகையும் இராது. விதிப்படி அது சமநிலை. சிப்பாயைத் தள்ளாமல் மந்திரியைக் கொண்டு பி8 கட்டத்தைப் பறித்தாலும், ராஜா மூலையில் இருக்கும் வேளையில் அதே முடிவுதான்.

இப்போது ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள். மந்திரியை ஈ3-இலிருந்து எடுத்து ஈ4-இல் வையுங்கள். ஒரு கட்டம்தான் தள்ளி வைத்தோம். ஆனால் இது வெளிர்நிற மந்திரி, மூலையாகிய ஏ8-ஐ நேரே காண்பது. சிப்பாய் ஏ7-க்குச் சென்று முற்றுகையிட்டால், ராஜா மூலைக்குப் போக இயலாது. சி8-க்கு விலக வேண்டும். சிப்பாய் ஏ8-ஐ அடைந்து ராணியாகும். காய்களின் எண்ணிக்கை ஒன்றே, சிப்பாயும் ஒன்றே. நிறம் மாறியதும் சமநிலை வெற்றியாகிவிட்டது.

இதிலிருந்து பெறும் விதி: ஓரத்துச் சிப்பாய் ராணியாக வேண்டிய மூலைக் கட்டத்தை உங்கள் மந்திரி காணாவிட்டால், அந்தச் சிப்பாயை மட்டும் மீதம் வைத்துக்கொள்ளாதீர்கள். தற்காத்துக்கொள்பவருக்கு இதே விதி உயிர் காக்கும். தோற்கும் நிலையில் இருந்தால், மற்றச் சிப்பாய்களை எவ்விலை கொடுத்தேனும் நீக்கி, ராஜாவை அந்த மூலைக்குக் கொண்டுசெல்லப் பாருங்கள். எனக்கு எதிரே அமர்ந்தவர் செய்தது அதுவே. அவர் அதனைக் கற்றிருந்தார், நான் கற்றிருக்கவில்லை.

இரண்டாம் பயிற்சி: ஒரே நிற மந்திரிகள்

இருவரிடமும் ஒரே நிறத்தில் நடக்கும் மந்திரிகள் இருந்து, ஒருவருக்கு மட்டும் ஒரு சிப்பாய் இருந்தால் முடிவு என்ன? பத்தொன்பதாம் நூற்றாண்டில் இத்தாலியரான லூயிஜி சென்டுரினி இதனை ஆராய்ந்து விதி வகுத்தார். தற்காக்கும் ராஜா, சிப்பாயின் வழியில், மந்திரிகளின் நிறத்துக்கு மாறான நிறமுள்ள கட்டம் ஒன்றில் அமர்ந்துவிட்டால் அதனை அசைக்க முடியாது, ஆட்டம் சமநிலை. எதிரி மந்திரி அக்கட்டத்தைக் காண்பதே இல்லையல்லவா?

ராஜா அங்கே செல்ல இயலாதபோது, தற்காப்பவரின் மந்திரியே தொலைவிலிருந்து சிப்பாயைத் தடுக்க வேண்டும். அப்போது போராட்டம் நுட்பமானதாகிறது. சென்டுரினியின் பெயரால் வழங்கும் பின்வரும் நிலையை அமையுங்கள். வெள்ளை: ராஜா சி8, மந்திரி டி8, சிப்பாய் பி7. கறுப்பு: ராஜா சி6, மந்திரி ஹெச்2. வெள்ளை நகர்த்தி வெல்ல வேண்டும்.

சிப்பாய்க்கு இன்னும் ஒரே அடிதான் பாக்கி. ஆனால் பி8 கட்டத்தை ஹெச்2-இலிருந்து கறுப்பு மந்திரி காவல் காக்கிறது. அக்காவலைக் கலைக்க வெள்ளை மந்திரிக்கு இரு வாயில்கள் உண்டு: ஒன்று சி7, மற்றது ஏ7. சி7-ஐக் கறுப்பு ராஜா சி6-இல் நின்று காக்கிறது. ஏ7-ஐக் காக்க வேண்டுமாயின் அது ஏ6-க்குப் போக வேண்டும். வெள்ளை மந்திரி எந்த வாயிலை நோக்கிச் சென்றாலும் கறுப்பு ராஜா சரியான நேரத்தில் அங்கே வந்துவிடுகிறது. இதுதான் சிக்கல்.

தீர்வைக் காண்போம். வெள்ளை மந்திரி ஹெச்4-க்குச் செல்கிறது. ஏ7-க்குப் போகும் எண்ணம். கறுப்பு ராஜா பி5. வெள்ளை மந்திரி எஃப்2. கறுப்பு ராஜா ஏ6-ஐ அடைந்து வாயிலை அடைக்கிறது. இப்போது வெள்ளை மந்திரி சி5-க்கு வந்து சும்மா நிற்கிறது. இந்தச் சும்மா நிற்றல்தான் ஆட்டத்தின் உயிர்நாடி. கறுப்பு எதையாவது நகர்த்தியே ஆக வேண்டும். ராஜா அசைந்தால் ஏ7 திறந்துவிடும். ஆகவே கறுப்பு மந்திரி ஹெச்2-ஐ விட்டு, தன் கோட்டிலேயே ஜி3-க்கோ எஃப்4-க்கோ ஈ5-க்கோ போக வேண்டியதாகிறது. டி6-க்கு வந்தால் நேரே வெட்டப்படும். ஜி3-க்குச் சென்றது என்று கொள்வோம்.

உடனே வெள்ளை மந்திரி ஈ7-க்குத் திரும்பி, டி8 வழியாகச் சி7-ஐ நாடுகிறது. கறுப்பு ராஜா பி6. வெள்ளை மந்திரி டி8-இலிருந்து முற்றுகை. கறுப்பு ராஜா சி6. தொடக்கத்தில் இருந்த நிலையேதான். ஆனால் கறுப்பு மந்திரி ஹெச்2-இல் இல்லை, ஜி3-இல் நிற்கிறது. வெள்ளை மந்திரி மீண்டும் ஹெச்4-க்குச் செல்லும்போது, போகிற போக்கில் அதனைத் தாக்குகிறது. கறுப்பு மந்திரி விலகுவதில் ஒரு நகர்த்தல் கழிந்துவிடுகிறது. ராஜாவுக்கு ஏ6-க்குச் செல்ல நேரம் போதவில்லை. வெள்ளை மந்திரி எஃப்2, பின் ஏ7, பின் பி8. கறுப்பு மந்திரி மறுபுறத்துக் கோட்டுக்கு ஓடினாலும், அங்கே ஏ7, பி8 என இரண்டே கட்டங்கள். வெள்ளை மந்திரி பி8-ஐ விட்டு ஜி3-க்கு விலகும். கறுப்பு மந்திரி ஏ7-இல் வந்து நிற்கும். வெள்ளை மந்திரி எஃப்2-இல் எதிர்நின்றதும் அதன் காவல் முறிந்துவிடும்.

கறுப்பு மந்திரி எஃப்4-க்குப் போயிருந்தால் ஜி5-இலிருந்தும், ஈ5-க்குப் போயிருந்தால் எஃப்6-இலிருந்தும் வெள்ளை அதே விதமாகத் தாக்கும். ஹெச்2 ஒன்றே பாதுகாப்பான கட்டம். அதிலிருந்து எதிரியைக் கிளப்பவே சி5-இல் ஒரு நகர்த்தல் செலவிடப்பட்டது. வலிமையுள்ள நகர்த்தலே எப்போதும் தாக்கும் நகர்த்தல் என்று எண்ணும் இளைஞர்கள் இந்நிலையைப் பத்து முறையேனும் இரு தரப்பிலும் இருந்து ஆடிப் பார்க்க வேண்டும்.

மூன்றாம் பயிற்சி: எதிர் நிற மந்திரிகள்

ஒருவருடைய மந்திரி கருநிறத்திலும் மற்றவருடையது வெளிர்நிறத்திலும் நடந்தால், இரண்டும் ஒன்றையொன்று சந்திப்பதே இல்லை. ஒரே ஊரில் இருந்தும் முகம் காணாத இரு உறவினர் போன்றவை அவை. இவ்வகை ஆட்டத்தில் இரண்டு சிப்பாய்கள் அதிகம் இருந்தும் வெல்ல முடியாமற் போவது உண்டு.

இந்நிலையைப் பாருங்கள். வெள்ளை: ராஜா ஈ4, மந்திரி டி3, சிப்பாய்கள் டி5, ஈ5. கறுப்பு: ராஜா ஈ7, மந்திரி சி7. கறுப்பு மந்திரி ஒரே கோட்டில் இரண்டு வேலைகளைச் செய்கிறது: டி6-ஐக் காக்கிறது, அதனைத் தாண்டி ஈ5 சிப்பாயையும் தாக்குகிறது. வெள்ளை டி6 என்று சிப்பாயைத் தள்ளினால், கறுப்பு மந்திரி அதனை வெட்டும்; ஈ5 சிப்பாய் மந்திரியை வெட்டும்; ராஜா அந்தச் சிப்பாயையும் வெட்டும். வெள்ளையிடம் மந்திரி மட்டும் மிஞ்சும். தனி மந்திரியால் எவரையும் வெல்ல இயலாது. மாறாக ஈ6 என்று தள்ளினால், கறுப்பு மந்திரி டி6-இல் அமரும். இரு சிப்பாய்களும் வெளிர்நிறக் கட்டங்களில் உறைந்து நிற்கும். அவற்றின் முன்னே உள்ள கருநிறக் கட்டங்களை வெள்ளை மந்திரி ஒருநாளும் தொடாது. கறுப்பு மந்திரி தன் கோட்டிலேயே முன்னும் பின்னும் நடந்துகொண்டிருந்தால் போதும்.

தற்காப்பவர் இதில் கற்க வேண்டியது, மந்திரியை எவ்விடத்தில் நிறுத்தினால் ஒரே நேரத்தில் தடுப்பும் தாக்குதலும் கிட்டும் என்பது. வெல்ல விரும்புபவர் கற்க வேண்டியது வேறு. அடுத்தடுத்த சிப்பாய்களைவிட, நடுவே இரண்டு மூன்று நெடுவரிசைகள் இடைவெளி உள்ள சிப்பாய்களே இங்கே பெரும்பாலும் அதிக மதிப்புடையவை. எதிரி ராஜா ஒன்றைத் தடுக்கும். எதிரி மந்திரி மற்றதைத் தடுக்கும். அப்போது உங்கள் ராஜா, மந்திரி தடுக்கும் சிப்பாயின் துணைக்குச் சென்றால் எதிரி தம் மந்திரியைக் கொடுத்தேனும் தடுக்க வேண்டி வரும்.

எதிர் நிற மந்திரிகள் என்றாலே சமநிலை என்று கைகுலுக்கிவிடுவதும் தவறு. 1998-இல் ஸ்பெயின் நாட்டு லினாரெஸ் நகரில் டோபலோவுக்கு எதிராகக் கறுப்புடன் ஆடிய ஷிரோவ் இதனை மெய்ப்பித்தார். எதிர் நிற மந்திரிகள் இருந்த நிலையில், 47-ஆவது நகர்த்தலில் தம் மந்திரியை ஹெச்3-இல் வைத்து வெட்டுவதற்கே கொடுத்துவிட்டார். மந்திரி விலகியதால் ராஜாவுக்கு வழி திறந்தது. ஒரு நகர்த்தலும் மிச்சமாயிற்று. ராஜாவும் முன்னேறிய சிப்பாய்களும் சேர்ந்து ஆட்டத்தை வென்றன. அங்கே காயின் மதிப்பைவிட ஒரு நகர்த்தலின் மதிப்பு உயர்ந்திருந்தது.

சிப்பாய்களின் நிறம்

மேற்சொன்ன மூன்றும் சில காய்களே உள்ள நிலைகள். ஆட்டத்தில் அவற்றுக்கு வந்து சேருமுன் இருபக்கமும் நாலைந்து சிப்பாய்கள் இருக்கும். அப்போது கவனிக்க வேண்டியது, எதிர்ச் சிப்பாய்களோடு முட்டி அசையாமல் நிற்கும் நம் சிப்பாய்கள் எந்த நிறத்தில் உள்ளன என்பது. நம் மந்திரி நடக்கும் நிறத்திலேயே அவை நின்றால் இரண்டு தீமைகள் விளையும். மந்திரிக்கு நடக்க இடம் குறையும். மாற்று நிறக் கட்டங்கள் காவலின்றிக் கிடக்க, எதிரி ராஜா அவற்றின் வழியே உள்ளே நுழையும். ஆகவே ஒரே நிற மந்திரிகள் எஞ்சும் என்று தோன்றினால், நம் சிப்பாய்களை மந்திரியின் நிறத்துக்கு மாறான நிறத்தில் நிறுத்துவதும், எதிரியின் சிப்பாய்களை அவருடைய மந்திரியின் நிறத்திலேயே உறையச் செய்வதும் நன்று. எதிர் நிற மந்திரிகளோடு தற்காக்கும்போது மட்டும் இது தலைகீழாகும்: தற்காப்பவர் தம் சிப்பாய்களைத் தம் மந்திரியின் நிறத்தில் வைத்தால் எதிரி மந்திரி அவற்றைத் தாக்கவே இயலாது.

பழகும் முறை

அலுவலகம் முடிந்து வீடு திரும்பினால் ஒரு மணி நேரம் கிடைப்பதே அரிது. அந்நேரத்தில் கைப்பேசியில் விரைவு ஆட்டங்கள் இருபது ஆடுவோர் பலர். அதனால் கை பழகும். மேற்சொன்ன அறிவு வளர்வது குறைவு. அதற்கு மாறாக வாரத்தில் இரண்டு நாள், அரை மணி வீதம், ஒரே நிலையை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் வெள்ளையாக ஆடுங்கள். பிறகு பலகையைத் திருப்பிக் கறுப்பாக ஆடுங்கள். வீட்டில் மகனோ மகளோ இருந்தால் எதிரே அமர்த்திக்கொள்ளுங்கள். நகர்த்துமுன் காரணத்தை வாய்விட்டுச் சொல்லுங்கள். காரணம் சொல்ல வராத நகர்த்தல் நமக்கு இன்னும் விளங்காத நகர்த்தல்.

ராஜாக்களையும் சேர்த்து ஏழு காய்கள் வரை உள்ள நிலைகளைக் கணிப்பொறி முற்றாகத் தீர்த்துவிட்டது. இப்பேச்சில் கூறிய மூன்று பயிற்சிகளும் அவ்வெல்லைக்குள் அடங்குவன. ஐயம் எழுந்தால் கணிப்பொறியைக் கேட்கலாம். ‘வெற்றி’, ‘சமநிலை’ என்று பிழையின்றிச் சொல்லும். ஏன் என்று மட்டும் சொல்லாது. ஆகவே முதலில் நாமே எண்ணிப் பார்த்து, பிறகு சரிபார்க்க மட்டும் அதனை நாடுவது முறை.

இப்போது சிங்கப்பூர் ஆட்டத்துக்குத் திரும்புவோம். பலகையின் நடுவில் நிற்கும் மந்திரி பதின்மூன்று கட்டங்களைக் காணும். இரண்டு கோடுகள் அதற்கு உண்டு. மூலையில் நிற்கும் மந்திரி ஏழு கட்டங்களையே காணும். அதற்குக் கோடு ஒன்றே ஒன்று. டிங்கின் மந்திரி நின்ற ஏ8-இலிருந்து புறப்படும் ஒரே கோடு பி7, சி6, டி5 என்று செல்வது. ராஜாவின் துணையோடு குகேஷின் மந்திரி டி5-இல் வந்து நின்றதும் அக்கோடு அடைபட்டது. பி7-க்கோ சி6-க்கோ நகர்ந்தாலும் அதே கோட்டில்தான் நிற்க வேண்டும். யானைகள் பலகையில் இருந்தவரை மூலையில் நின்றதால் கேடு இல்லை. யானைகளை மாற்றிக்கொள்ளுமுன் ‘என் மந்திரிக்கு எத்தனை கோடுகள்?’ என்ற கேள்வி எழ வேண்டியிருந்தது. நீண்ட போராட்டத்தின் களைப்பில் உலக வீரருக்கே அது எழாமற் போயிற்று.

தாதா ஓய்வு பெற்றுத் தம் ஊருக்குச் சென்றுவிட்டார். போகும்போது தம் மரப் பலகையையும் காய்களையும் எனக்கு அளித்தார். அடுத்த ஆண்டுப் போட்டியில் அதே போன்ற நிலை எனக்கு மீண்டும் வந்தது. எதிரியின் சிப்பாயை வெட்டக் கை நீண்டது. நின்று, மூலைக் கட்டத்தின் எண்ணைக் கூட்டிப் பார்த்தேன். சி வரிசைச் சிப்பாயை வெட்டக் கொடுக்காமல் வைத்துக்கொண்டேன். ஆட்டம் மேலும் இருபது நகர்த்தல்கள் நீண்டது, வெற்றி கிடைத்தது. அன்றிரவே அவருக்கு ஓர் அஞ்சலட்டையில் அந்த நிலையை எழுதி அனுப்பினேன். பத்து நாளில் பதில் வந்தது. வாழ்த்து ஏதும் இல்லை. எனக்குப் பயிற்சியாகப் புதிய நிலை ஒன்றை எழுதியிருந்தார். அதிலும் மந்திரிகள் இரண்டு. நிறம் மட்டும் வேறு.